படிவத்தை வாசிக்கத் தெரிந்தவர்

உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் காலத்தில் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் சில வீடுகளில் தூக்கம் குறைந்துவிடும். கணிதப் பிரிவில் படித்த பிள்ளைக்குக் கணினி விஞ்ஞானம் படிக்க ஆசை. அரசாங்கப் பல்கலைக்கழகம் கிடைக்குமா, கிடைத்தாலும் எது கிடைக்கும், கிடைக்காவிட்டால் கொழும்பிலோ கண்டியிலோ காசு கட்டிப் படிக்கலாமா என்று பேச்சு ஓடும். டியூஷன் மாஸ்டரைக் கேட்பார்கள். கொழும்பில் வேலை செய்யும் மாமா மகனைக் கேட்பார்கள். எல்லாரிடமும் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: எது நல்லது?

அந்தக் கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது. மலையகத்தில் அதைக் கடந்து செல்ல நமக்கு உரிமையில்லை என்பது என் உறுதியான எண்ணம். பணம் கொடுக்கப்போகிறவருக்கு விஷயம் முழுவதும் விளங்கியிருக்கிறதா?

தனியார் நிறுவனமொன்றின் விண்ணப்பப் படிவமும் கட்டண விவரமும் ஒப்பந்தமும் அநேகமாக ஆங்கிலத்தில் இருக்கும். வங்கிக் கடதாசி ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில் இருக்கும். கொழுந்து பறித்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் அம்மாவுக்கு அவற்றை வாசிக்க முடியாது. அப்பாவுக்கும் பெரும்பாலும் முடியாது. வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார். அவருக்கு வயது பத்தொன்பதோ இருபதோ. ஆசைப்படுபவரும் அவர்தான், படிவத்தைத் தமிழில் சொல்லிக் கொடுப்பவரும் அவர்தான், கடைசியில் பயன் பெறப்போகிறவரும் அவர்தான். அம்மா “எங்க தம்பி போடணும்?” என்று மட்டும் கேட்டுக் கையெழுத்து வைக்கிறார். வழக்காளியே வழக்கின் மொழிபெயர்ப்பாளராகவும் இருப்பதை எந்த நீதிமன்றமும் ஒப்புக்கொள்ளாது. நம் வீடுகளில் அது நாள்தோறும் நடக்கிறது. நடக்காமலும் இருக்க முடியாது. அதனால்தான் அந்தப் பிள்ளையின் மீது மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு பாரம் விழுகிறது. தன் ஆசைக்கு எதிரான வரிகளையும் அதே குரலில், அதே நிதானத்தில் வாசித்துக் காட்டுகிற பாரம் அது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. தனியார் கணினிப் பட்டத்துக்கு நான்கு வருடக் கட்டணம் 15 இலட்சம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இதைவிடக் குறைந்ததும் உண்டு, இதைப்போல் இருமடங்கு கேட்பதும் உண்டு. 15 இலட்சத்தை 1,350ஆல் வகுத்தால் 1,111 வரும்; தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு ‘பேர்’ என்பார்கள், ஆக 1,111 பேர். செக்றோலில் அம்மாவின் பெயருக்கு நேரே விழ வேண்டிய நாட்கள் அத்தனை. மாதம் இருபத்திரண்டு பேர் விழுந்தால் நான்கு வருடமும் இரண்டு மாதமும் ஆகும். அந்தக் காலம் முழுவதும் வீட்டில் அரிசி வாங்கக் கூடாது, தொழிற்சங்கச் சந்தா வெட்டக் கூடாது, ஒருவரும் காய்ச்சலில் படுக்கக் கூடாது. பிள்ளை கொழும்பில் தங்கும் அறை வாடகையும் சாப்பாடும் பஸ் காசும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. பிள்ளையின் பட்டப்படிப்பு நான்கு வருடம். அம்மாவின் உழைப்பிலும் அதே நான்கு வருடம் அப்படியே கரைகிறது.

நாட்சம்பளத்தால் முடியாததால் வேறு இடத்தில் கைவைக்கிறார்கள். பெண்கள் ஐம்பது வயதில் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். முப்பது வருடம் மலையேறி இறங்கிய உடம்புக்கு முதுமையில் இருக்கிற பெரிய ஊன்றுகோல் அந்தப் பணம். அது ஒரே காசோலையாகக் கல்லூரிக் கணக்குக்குப் போய்விடுகிறது. இன்னும் சில வீடுகளில் கட்டணத்தைச் சுமப்பவர் அக்கா. கொழும்பில் புடவைக்கடையிலோ கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலையிலோ நிற்கிறார். தம்பியின் செமஸ்டர் முடியும்வரை அவருடைய கல்யாணப் பேச்சு தள்ளிப்போகிறது. தம்பி முதல் வருடத்தில் இரண்டு பாடம் தவறினால் அதை யாரிடம் சொல்வது? மறுபரீட்சைக் கட்டணம் என்று ஒன்று இருப்பதை முதலில் யாராவது அக்காவுக்குச் சொன்னார்களா? இந்தத் தியாகங்களை மேடையில் போற்றிப் பேசுவதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். விளங்கிக்கொண்டு கொடுக்கும்போதுதான் அது தியாகம். விளங்காமல் கொடுக்க வைத்தால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். இலவசக் கல்வி இந்த நாட்டில் 1945இல் வந்தது என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அன்றைக்குத் தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் கையில் இருந்தன. ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிவு. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். எஞ்சியிருந்த நாடற்றோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கச் சட்டம் வந்தது 2003இல். ஆகவே மொறட்டுவையிலோ பேராதனையிலோ கொழும்பிலோ கட்டணம் இல்லாமல் ஓர் இடம் கிடைப்பது நமக்குப் பழைய சொத்தில்லை. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்குத் தாத்தா காலத்தில் திறந்த கதவு நமக்கு நேற்றுத்தான் திறந்தது. அந்தக் கதவு திறந்திருக்க, ஏதோ ஒரு பளபளப்பான கட்டிடத்தின் படத்தைப் பார்த்துவிட்டு அதைத் தாண்டிப் போகிற பிள்ளையிடம் நான் ஒன்று கேட்பேன்: உனக்கு முன் அந்தக் கதவின் வெளியே நின்றே வாழ்ந்து முடித்தவர்கள் யார் யார் என்று உனக்குத் தெரியுமா?

“கோட்டாவில் வந்தவன்” என்ற ஏச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இசட் புள்ளியின் அடிப்படையில் இடங்களைப் பிரிக்கிறது: 40 விழுக்காடு நாடு தழுவிய திறமைக்கு, 55 விழுக்காடு மாவட்ட சனத்தொகைக்கு, 5 விழுக்காடு கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் அடங்கும். கொழும்பு மாவட்டத்தைவிடக் குறைந்த புள்ளியோடு நம் பிள்ளை அதே வகுப்பறைக்குள் போகலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் தமிழில் ஆசிரியர் கிடைக்காமல், சனி ஞாயிறுகளில் ஹட்டன் டவுனுக்கு பஸ் பிடித்துப் போய்ப் படித்து, 2020இலும் 2021இலும் கொரோனா முடக்கத்தில் இணைய வகுப்புக்குச் சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்று எடுத்த புள்ளி அது. ஆனால் ஒன்று: மாவட்ட ஒதுக்கீடு நுவரெலியா மாவட்டம் முழுவதற்கும் உரியது. டவுன் பாடசாலைப் பிள்ளையும் தோட்டப் பிள்ளையும் அதே இடத்துக்குத்தான் போட்டியிடுகிறார்கள். கிடைத்த இடத்தை விட்டுவிட்டால் அது நம் லயத்துக்குத் திரும்பி வராது.

கணினித் துறையில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் தரம் பற்றிச் சந்தேகப்படுவோருக்கு ஓர் உண்மை. கூகுள் நிறுவனம் 2005இல் தொடங்கிய ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தில் உலகெங்கும் மாணவர்கள் திறந்த மூல மென்பொருள்களுக்கு நிரல் எழுதினார்கள். அதன் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களைத் தந்த பல்கலைக்கழகம் மொறட்டுவை. அமெரிக்காவின் பெரும் பெயர்கள் அதற்குப் பின்னால்தான் வந்தன. கட்டிடத்தால் அது நடக்கவில்லை. முந்தைய வருடத்து அண்ணன்மார் அடுத்த வருடத்துத் தம்பிமாருக்கு விண்ணப்பம் எழுதக் காட்டிக்கொடுத்ததால் நடந்தது. 2003இல் லங்கா மென்பொருள் மன்றத்தையும் 2005இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தையும் தொடங்கியவர்களில் ஒருவரான சஞ்சீவ வீரவரண போன்றோர் அந்தத் திறந்த மூலச் சூழலை இங்கே வளர்த்தார்கள். அவர் முனைவர் பட்டம் பெற்ற பர்டியூவும் அமெரிக்காவின் பெரிய அரசுப் பல்கலைக்கழகம்தான். அந்நாட்டின் முதல் கணினி விஞ்ஞானத் துறை 1962இல் அங்கே அமைந்தது. அதே மொறட்டுவையில், அரச ஆவணங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே மொழிபெயர்க்கும் ‘சி-தா’ என்ற முறைமையை உருவாக்கினார்கள். பிரதேச செயலகத்திலிருந்து வரும் சிங்களக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்க ஆள் தேடி அலைந்த வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான ஆய்வு எது இருக்கும்?

எல்லாருக்கும் மொறட்டுவை கிடைக்காது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி, பேராதனை, யாழ்ப்பாணம், 2021 ஓகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம், பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ என்று இடங்கள் இருக்கின்றன. விருப்பத் தெரிவுகளை வரிசைப்படுத்தும்போது பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கொழும்பின் பெயர் வேண்டும். வவுனியா என்றால் முகம் சுளிப்பு. ஆனால் அப்படியொரு சிறிய வளாகத்தில் விரிவுரையாளர் மாணவரின் பெயரை அறிந்திருப்பார், ஆய்வுகூடத்தில் கணினிக்கு வரிசை குறைவாக இருக்கும், தமிழில் சந்தேகம் கேட்க முடியும். கணினித் துறையில் இன்னொரு நன்மையும் உண்டு. மருத்துவருக்கும் சட்டத்தரணிக்கும் வேண்டிய அனுமதிப்பத்திரம் நிரலாளருக்கு வேண்டியதில்லை. நேர்முகத்தில் ஒரு கணக்கைக் கொடுத்து எழுதிக்காட்டு என்பார்கள். முதல் வேலைக்குப் பெயர் கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. வேலைக்குப் போன மூன்றாம் வருடத்தில் எவரும் அதைக் கேட்பதில்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பரீட்சை எழுதியதற்கும் முதல் விரிவுரைக்கும் இடையே ஒரு வருடத்துக்கு மேல் சும்மா போகும். வேலைநிறுத்தம், மூடல் என்று நான்கு வருடம் ஐந்தாக நீளும். அந்தத் தாமதமும் ஒரு செலவுதான். வீட்டில் சம்பளம் வரவேண்டிய வருடம் அது. பகிடிவதை இன்னும் முழுதாக ஒழியவில்லை. 1997இல் பேராதனையில் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் அதனால் உயிரிழந்தார். அடுத்த வருடமே பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்னும் கண்ணீரோடு வீடு திரும்பிய பிள்ளைகள் இருக்கிறார்கள். மகளைத் தூரத்துக்கு அனுப்ப அஞ்சும் பெற்றோரைப் பிற்போக்கு என்று ஏச நான் தயாராயில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதற்குப் பதில், அங்கே ஏற்கெனவே படிக்கும் மலையகப் பிள்ளைகளின் தொலைபேசி எண்ணைத் தேடிக் கொடுத்து அம்மாவை அவர்களோடு பேச வைப்பது.

தனியார் பக்கத்தின் நியாயமும் சொல்லப்பட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோரில் பெரும்பாலோருக்கு அரசிடம் இடமில்லை. அவர்களெல்லாம் மூளையற்றவர்களா? பலர் ஒரு புள்ளியின் பின்னத்தில் தவறியவர்கள். கொழும்பின் ஐ.ஐ.டி. 1990இலும் மாலபேயின் எஸ்.எல்.ஐ.ஐ.டி. 1999இலும் தொடங்கி, இந்த நாட்டின் மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்யும் பலரைப் பயிற்றுவித்திருக்கின்றன. வகுப்பு குறித்த நாளில் தொடங்கும், குறித்த நாளில் முடியும். 2017இல் அரசு தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட சில நிறுவனங்களுக்குக் கட்டணம் கிடைக்கிறது. வட்டியை அரசு ஏற்கிறது. கடன் தொகையைப் பிள்ளை வேலை பார்த்துத் திருப்பித் தரவேண்டும். இந்த ஏற்பாட்டில் அம்மாவின் சேமலாப நிதி தொடப்படுவதில்லை, படித்தவரே தன் கடனைச் சுமக்கிறார். அதனால் எனக்கு இதில் மரியாதை உண்டு. அரசு இடம் கிடைக்காத, உழைக்கும் மனமுள்ள பிள்ளைக்கு இந்த வழியைத் தயங்காமல் சொல்வேன்.

நான் எச்சரிப்பது வேறு இரண்டு வகைகளை. ஒன்று, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் பவுணிலோ டொலரிலோ ஒரு பகுதிக் கட்டணம் கேட்பவை. 2022இல் என்ன நடந்தது என்பது நினைவிருக்கிறது. 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. இரண்டாம் வருடத்தில் இருந்த பிள்ளையின் மீதி டொலர் கட்டணம் அதே வாரங்களில் ரூபாயில் முக்கால் பங்கு ஏறியது; தோட்டத்தில் நாட்சம்பளமோ அதே 1,000 ரூபாய். இரண்டாவது, பட்டம் என்று சொல்லி டிப்ளோமா விற்பவை. வழங்கப்படும் பட்டத்தை இங்கே யார் அங்கீகரித்திருக்கிறார்கள் என்பதை மானியங்கள் ஆணைக்குழுவின் அல்லது அமைச்சின் பட்டியலில் பெயரைப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். ஹோட்டல் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரின் வாய்ச்சொல் அதற்குப் போதாது.

காசு கட்டுவதற்குப் பின்னால் பல நேரங்களில் வேலை செய்வது வெட்கம்தான் என்பதையும் பார்த்திருக்கிறேன். அடுத்த லயத்துப் பிள்ளைக்குக் கேம்பஸ் கிடைத்துவிட்டது, நம் பிள்ளை வீட்டில் இருக்கிறதே என்று ஒரு குறுகல். அந்தக் குறுகலில் எடுத்த முடிவு வருடக் கணக்கில் வீட்டை வாட்டும். ஊர் வாயை மூடுவதற்கு 1,111 பேர் கொடுக்கலாமா?

ஊர் அதிகம் பேசாத ஒரு வழியும் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு முதல் நடத்தும் பி.ஐ.டி. என்ற வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டம் அது. முதல் வருடம் முடித்தால் டிப்ளோமா, இரண்டாவது முடித்தால் உயர் டிப்ளோமா, மூன்றாவதில் பட்டம். கட்டணம் தனியாரின் ஒரு சிறு பங்கு. வேலை செய்துகொண்டே படிக்கலாம். இடையில் நின்றாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். திறந்த பல்கலைக்கழகம் மென்பொருள் பொறியியல் பட்டமும் தருகிறது; கண்டியில் அதற்கு ஒரு பிராந்திய நிலையம் உண்டு. இவை கடினமானவை. தனியாக, ஆங்கிலத்தில், எவரும் தட்டி எழுப்பாமல் படிக்க வேண்டும். பலர் நடுவில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டு இரவில் நிரல் எழுதப் பழகும் பிள்ளை, மாலபேயில் பெற்றோர் கடனில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைவிடத் தாழ்ந்தவர் என்று எவரும் சொல்லக் கேட்டால் நான் எழுந்து மறுப்பேன்.

அரசு இடத்தைப் பெற்றவருக்கு ஒரு பேச்சு மீதியிருக்கிறது. கட்டணமில்லை என்பதால் அது விலையில்லாதது என்று எண்ணிவிட வேண்டாம். அந்த விரிவுரை மண்டபத்துக்கும் மாதந்தோறும் வரும் மகாபொல உதவித்தொகைக்கும் — 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 7,500 ரூபாயாக உயர்த்தினார்கள் — நாட்டின் அத்தனை பேரும், சீனிக்கும் மாவுக்கும் வரி கொடுத்த தோட்டத் தொழிலாளியும் பணம் போட்டிருக்கிறார்கள். பட்டம் முடிந்து நாட்டைவிட்டுப் போகலாம். வீட்டுக்குப் பணம் தேவை, தடுக்க எனக்கு வாயில்லை. ஆனால் படிக்கும் நான்கு வருடத்திலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. விடுமுறைக்கு வரும்போது படித்த பாடசாலைக்குப் போய், உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கையாவது தமிழில் விளக்குவது. மொறட்டுவையில் அண்ணன்மார் செய்ததும் அதுதான். நம் பாடசாலைகளில் கணிதப் பிரிவு நடப்பது சிலவற்றில் மட்டுமே. அரசா தனியாரா என்ற கேள்வி எந்தப் பிள்ளைக்கு எழும் என்பதே அங்கேதான் முடிவாகிறது.

இனி வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள். படிவத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் வாசியுங்கள்: மொத்தக் கட்டணம், எந்த நாணயத்தில், எத்தனை தவணை, தவறிய பாடத்துக்கு எவ்வளவு, இடையில் நின்றால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும். ஆங்கிலம் தெரிந்த இன்னொருவரை, உங்கள் விருப்பத்துக்குத் தலையாட்டாத ஒருவரை, பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலை ஆசிரியர் ஒருவர் போதும். அம்மா கேள்வி கேட்கும்வரை பொறுத்திருங்கள், அவர் கேட்பார். கொழும்பில் இருக்கும் அக்காவையும் போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டப்போகும் பணம் அவருடையதாக இருந்தால், முதலில் பேச வேண்டியவரும் அவர்தான். அவர் “முடியாது” என்று சொன்னால், காரணம் கேட்காமல் அடுத்த வழியைப் பாருங்கள்.